ஆறு மீட்டர் கோடு

"ஏனுங்க மேடம், வேகமாப் போறது ஒரு குத்தமுங்களா?"

கேட்டவர் சென்னியப்பன். பெருந்துறையில் பெயின்ட் கடை வைத்திருப்பவர்.

புறவழிச்சாலை ஓரத்தில் பிள்ளைகளுக்கு சைக்கிள் பந்தயம் பழக்கும் சகாயராணி, ஒரு டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார்.

"குத்தம்னு யாருங்க சொன்னா?"

"முந்தாநாள் மாவட்டப் பந்தயத்துல சொன்னாங்களே. எம் பொண்ணு முதலாவது வந்தா. வந்தவளை நிறுத்தி, சைக்கிளை வாங்கி, தரையில கோடு போட்டு அளந்தாங்க."

பதினாலு வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அங்கே ஒரு விதி. உள்ளதிலேயே கனமான கியரில் பெடலை ஒரு முழுச் சுற்று சுற்றினாலும், சைக்கிள் ஆறு மீட்டருக்கு மேல் நகரக் கூடாது.

பிரணிதாவின் சைக்கிள் கோட்டைத் தாண்டி இன்னும் ஒன்றரை முழம் போய் நின்றது. பரிசு இரண்டாவதாக வந்த பெண்ணுக்குப் போனது.

"பெரிய கியருக்குச் செயின் போகாம நானே ஸ்க்ரூ வெச்சு அடைச்சிருந்தனேங்க" என்றார் சகாயராணி.

சென்னியப்பன் நெடுஞ்சாலையில் போன ஒரு லாரியைப் பார்த்தார்.

"கழண்டிருக்கும்."

"தானாவா?"

"ஸ்க்ரூ டிரைவர்லதான் கழண்டுச்சு" என்றாள் பக்கத்தில் நின்ற பிரணிதா.

சென்னியப்பன் மகளை ஒரு பார்வை பார்த்தார்.

"சரி, நாந்தான் கழட்டுனேன். பதினோரு கியர் இருக்குதுன்னு சொல்லித்தானுங்க கடைக்காரர் வித்தாரு. அதுல ரெண்டைத் தொடக் கூடாதுன்னா எப்படிங்க? வீட்டைக் கட்டிட்டு ரெண்டு ரூமைப் பூட்டி வெக்கற மாதிரி இருக்குது. ஒரு சுத்துக்கு ஆறு மீட்டர் போறவளைவிட ஏழு மீட்டர் போறவ முன்னாடி போய்ச் சேருவா. கணக்குத்தானுங்களே?"

"கணக்குத்தானுங்க."

"அப்ப, அந்த விதி வேண்டாம்னு சைக்கிள் சங்கத்துக்கு ஒரு லெட்டர் எழுதுங்க. அடுத்த மாசம் மாநில அணிக்குத் தேர்வு வருது. நீங்க எழுதலைன்னா இவளைக் கோயமுத்தூர்ல வேற கோச்சுகிட்டச் சேத்திக்கறேன்."

பிரணிதா குனிந்து ஷூ லேசைச் சரிசெய்தாள். அது சரியாகத்தான் இருந்தது.

சகாயராணி கையைத் துடைத்துக்கொண்டார். "டீ குடிச்சுட்டுப் பேசலாமுங்க."

டீக்கடை சாலையின் அந்தக் கோடியில் இருந்தது. அதுவரைக்கும் சாக்கடையை மூடி சிமென்ட் சிலாபுகள் வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொன்றும் ஒரு மீட்டருக்கு மேல் அகலம்.

"அண்ணா, நீங்க ஒரு எட்டுக்கு ஒரு சிலாபு தாண்டி வாங்க. நடுவுல கால் வெக்கக் கூடாது. பாப்பா அவ இஷ்டத்துக்கு நடந்து வரட்டும்."

"எதுக்குங்க?"

"கணக்குத்தானுங்க."

சென்னியப்பன் வேட்டியை மடித்துக் கட்டினார்.

முதல் இருபது சிலாபு ஜோராகப் போனது. மகள் வெகு பின்னால் வந்தாள். அவர் திரும்பிப் பார்த்து, "எப்படி?" என்று புருவத்தை உயர்த்தினார்.

முப்பதாவதில் புருவம் இறங்கிவிட்டது.

நாற்பதாவதில் கைகளை வீசி வீசி எம்ப வேண்டியிருந்தது. எதிரே வந்த டவுன் பஸ் மெதுவானது. கண்டக்டர் படியில் தொங்கியபடி, "அண்ணா, தண்ணி எங்கீங்க நிக்குது?" என்று கேட்டார். மழை பெய்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

அறுபதாவதில் பிரணிதா குட்டி எட்டு வைத்து அவரைக் கடந்து போனாள்.

"நின்னுக்கட்டுங்களாப்பா?"

"நீ போ."

அவர் வந்து சேர்ந்தபோது அவள் டீயும் ஒரு பன்னும் முடித்திருந்தாள். அவர் பெஞ்சில் உட்காரவில்லை, விழுந்தார். இரண்டு தொடைகளும் தனித்தனியாக நடுங்கின.

சகாயராணி டீயை ஊதி ஊதிக் குடித்தார்.

"இது ஒத்துவராதுங்க மேடம்" என்றார் சென்னியப்பன், மூச்சு திரும்பியதும். "எனக்கு நாப்பத்தாறு வயசு. இவளுக்குப் பதிமூணு. சின்னப் புள்ளைகளுக்கு வலியெல்லாம் தெரியாதுங்க."

"தெரியும்ப்பா" என்றாள் பிரணிதா.

"என்ன தெரியும்?"

"முட்டி வலிக்கும். ஞாயித்துக்கிழமை நீங்க ஸ்க்ரூவைக் கழட்டிட்டு ஓட்டச் சொல்லுவீங்கல்ல, அன்னிக்கெல்லாம். அப்புறம் புதன்கிழமை வரைக்கும் படியேற முடியாது."

சகாயராணியின் டம்ளர் பாதி வழியில் நின்றது. ஞாயிற்றுக்கிழமை விஷயம் அவருக்குப் புதிது.

"எங்கிட்ட ஏம்மா சொல்லலை?" என்றார் சென்னியப்பன்.

"நீங்க கடைக்கு வர்றவங்க எல்லார்கிட்டயும், இவ இந்தியாவுக்கு ஓட்டப் போறான்னு சொல்லிட்டு இருந்தீங்க. ப்ரைமர் வாங்க வந்த ஒரு மாமா எங்கிட்ட ஆட்டோகிராப் வாங்கிட்டுப் போனாரு." அவள் காலி டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அதுக்கப்புறம் எப்படிச் சொல்றதுன்னு தெரியலை."

சென்னியப்பனின் டீயில் ஆடை படிந்தது. அவர் அதைத் தொடவில்லை.

"எந்த முட்டி?"

"ரெண்டும்."

அவர் குனிந்து தொட்டுப் பார்க்கப் போனார். இடுப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. அவளே காலைத் தூக்கி பெஞ்சின் மேல் வைத்தாள். அவர் உள்ளங்கையால் முட்டியை மூடி, அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

"வா. டாக்டர்கிட்டப் போலாம்."

வேகமாக எழுந்து ஒரு எட்டு வைத்தார். "அம்மா" என்று பெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

பிரணிதா தோளைக் கொடுத்தாள்.

"சின்ன எட்டா வைங்கப்பா."