பம்ப் துப்பாக்கி என்ன மாடல்?

கொண்டல்சாமித் துரை என்று ஒரு ஜமீன்தார். மலையடிவாரத்தில் காடும் கழனியும் அவருக்கு ஏராளம். ஒரு வேளைச் சாப்பாடு தவறினால் பொறுத்துக்கொள்வார். வேட்டை தவறினால் வீட்டையே இரண்டாக்கிவிடுவார். அப்படிப்பட்டவர் முன்னால் ஒருநாள் ஆயுதசாலை அதிகாரி மாசிலாமணி பட்டுத்துணியை விரித்து ஒரு துப்பாக்கியை வைத்தார்.

பம்ப் துப்பாக்கி. குழலுக்கு அடியில் ஒரு மரப்பிடி இருக்கும். அதைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளினால் ‘சளக் சளக்’கென்று அடுத்த தோட்டா ஏறிக்கொள்ளும்.

“எஸ்டேட் துரை ஒருத்தர் கப்பலேறும்போது வித்துட்டுப் போனது, எசமான். செகண்ட் ஹேண்ட்தான். ஆனா கவர்னர் மாடல்! இந்தச் சீமையில வேற எவன்கிட்டயும் கிடையாது. ஆத்தங்கரை மாந்தோப்பை மட்டும் அடியேன் பேருக்கு எழுதிக் குடுத்தாப் போதும்.”

ஜமீன்தாரின் கண் துப்பாக்கியிலேயே ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சமஸ்தானக் கவிஞர் தாணுப் புலவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

“கவர்னர் மாடல்னு எங்கே போட்டிருக்கு?”

“எழுத்து தேஞ்சு போச்சு, புலவரே.”

“எழுத்தே இல்லாததைப் படிச்சிட்டீரே, பெரிய படிப்பாளிதான்!”

சபை சிரித்தது. மாசிலாமணிக்கு முகம் கடுகடுத்துவிட்டது. “எசமான், எல்லாம் தெரிஞ்ச புலவராச்சே. இது என்ன மாடல்னு அவரே சொல்லட்டும்!”

ஜமீன்தாருக்குக் குஷி பிறந்துவிட்டது. “நல்ல போட்டி! ஓய் தாணு, சாயங்காலத்துக்குள்ள இது என்ன மாடல்னு நீர் சொல்லணும். சொல்லலேன்னா மாந்தோப்பு மாசிலாமணிக்கு. நாளைக்குப் பன்றி வேட்டையில தம்பட்டம் அடிச்சிக்கிட்டுப் புதருக்குள்ள முன்னால போற ஆளு நீர்தான்!”

போன வேட்டையில் தம்பட்டம் அடித்தவன் இன்னமும் நின்றுகொண்டேதான் சாப்பிடுகிறான். உட்கார முடியவில்லை. புலவரோ பட்டாசுச் சத்தத்துக்கே காதைப் பொத்திக்கொள்கிறவர். மாடலைக் கண்டாரா, மண்ணாங்கட்டியைக் கண்டாரா?

இருந்தாலும் துப்பாக்கியைக் கையில் வாங்கிப் பார்த்தார். அம்மாடி, என்ன கனம்! குழலில் எழுத்து இருந்திருக்க வேண்டிய இடத்தைத் தடவினார். ஆள் கை பட்டுப் பட்டுத் தேய்ந்திருந்தால் வழவழவென்று இருக்கும். இதுவோ அரம் போட்டு ராவியதுபோல் சொரசொரத்தது. தோளில் முட்டுக்கொடுக்கும் கட்டையிலும் ஓரிடத்தில் மரம் புதிதாகச் செதுக்கி வெளுத்திருந்தது.

‘பேரால்தானே இதற்கு மதிப்பு? அந்தப் பேரை எவனாவது அரம் போட்டு அழிப்பானா? அழிக்கிறான் என்றால் அது ஊருக்குத் தெரிந்துவிடக் கூடாத பேராக இருக்க வேண்டும்.’

புலவர் நிமிர்ந்தார். “மகாராஜா, நம்ம அரண்மனையில இந்த மாதிரி பம்ப் துப்பாக்கி ஏதும் உண்டா?”

“அப்பா வாங்கினது ஒண்ணு உண்டே. சாதாரண ரகம். கட்டையில அவர் முத்திரைகூட இருக்கும். எனக்கு இரட்டைக் குழல்தான் பழக்கம். அதை உறையை விட்டு எடுத்தே வருஷக்கணக்காச்சு.”

“அப்ப கவலையே இல்லை. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தா வித்தியாசம் தெரிஞ்சுபோகும். மாசிலாமணி, அதைக் கொண்டாரும்.”

மாசிலாமணி தலையைச் சொறிந்தார். “அது... எண்ணெய் போட்டு வச்சிருக்கு.”

“துடைச்சுக் கொண்டாரும்.”

மாசிலாமணி கொஞ்சம் யோசித்தார். சட்டென்று முகம் தெளிந்தது. “அப்படின்னா இதையும் கொண்டுபோய் ஒரு துடை துடைச்சுட்டு வாரேன்.”

“தாராளமாக் கொண்டுபோம்!” என்றார் புலவர்.

போனவர் ஒரு பழைய தோல் உறையைச் சுமந்துகொண்டு திரும்பினார். “இதுதான் எசமான், பெரிய எசமான் துப்பாக்கி.”

“ஆமா, அப்பாவோட உறைதான்” என்றார் ஜமீன்தார்.

“ரொம்ப சந்தோஷம்” என்றார் புலவர். “கவர்னர் எங்கே?”

“உள்ளே இருக்கு. இதோ எடுத்தாரேன்.” மாசிலாமணி உறையையும் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

“ஓய், அதை எதுக்குத் தூக்குறீர்? இங்கேயே இருக்கட்டும்!”

“இல்லே... ஒரு துணைக்கு...”

“துப்பாக்கிக்குத் துணை எதுக்குய்யா? கவர்னர் என்ன, தனியா வரப் பயப்படுறாரா?”

மாசிலாமணி உறையை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். வாசற்படி வரை போனார். அதைத் தாண்டக் கால் வரவில்லை. நெற்றி வேர்வை மீசையில் இறங்கியது.

புலவர் உறையை ஜமீன்தார் மடியில் வைத்தார். “மகாராஜாவே அவிழ்த்துப் பார்க்கணும்.”

ஜமீன்தார் அவிழ்த்தார். அதே ராவிய குழல். அதே வெளுத்த கட்டை. கட்டையில் முத்திரை இருந்த இடத்தை அவர் விரல் தடவியது. முகம் சிவந்தது.

“எங்கப்பா துப்பாக்கியை எனக்கே விக்க வந்தீரா?”

மாசிலாமணி தொப்பென்று காலில் விழுந்தார். “புத்தி கெட்டுப்போச்சு, எசமான்! மன்னிக்கணும்!”

“ஆயுதசாலைச் சாவியை வச்சிட்டு இந்த நிமிஷமே வெளியே போம்! இனி உம்ம நிழல்கூட இந்த அரண்மனையில விழப்படாது!”

சாவிக்கொத்து தரையில் விழுந்தது. ஆளும் போனார். ஜமீன்தார் பெருமூச்சு விட்டுப் புலவர் பக்கம் திரும்பினார். அவருக்கும் கொஞ்சம் குறும்பு உண்டு.

“எல்லாம் சரி ஓய். நான் கேட்டதுக்கு இன்னும் பதில் வரலையே? இது என்ன மாடல்?”

புலவர் எழுந்து கைகட்டி நின்றார்.

“மகாராஜா, எனக்குத் தெரிஞ்சு துப்பாக்கியில மொத்தம் ரெண்டே மாடல். ஒண்ணு சுடுற துப்பாக்கி. இன்னொண்ணு சுட்ட துப்பாக்கி. இது ரெண்டாவது!”

ஒரு கணம் சபை முழித்தது. முதலில் சிரித்தவர் ஜமீன்தார்தான். தலைப்பாகை அவிழ்ந்து தோளில் விழுகிற மட்டும் சிரித்தார். விழுந்த சரிகைத் தலைப்பாகையை அப்படியே எடுத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே, புலவர் தலையில் கட்டிவிட்டார்.