பூச்சரக் கடிவாளம்

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால் கடம்பந்துறை நாட்டை வசந்தகேசரி என்று ஒரு ராஜா ஆண்டுகொண்டிருந்தார். நல்ல ராஜாதான். காலையில் ஒருவனுக்குக் கசையடி, மாலையில் அவனுக்கே பட்டுத்துணி, அவ்வளவுதான் குறை. அவருக்கு மந்திரி திருமேனியார். பெயருக்கேற்ற உடம்பு. "உமக்கு அறிவு எங்கேதான் இருக்கிறது?" என்று யாராவது கேட்டால் தொந்தியைத் தட்டிக் காட்டுவார். "தலையில் இடம் போதவில்லை ஐயா, இங்கே இறக்கி வைத்திருக்கிறேன்."

ராஜாவுக்கு வெண்சுட்டி என்று ஒரு குதிரை. நெற்றியில் வெள்ளைச் சுட்டி, மற்றபடி கருகரு. லாயத்தில் நிற்கும்போது பசு மாதிரி இருக்கும். ராஜா சேணத்தில் உட்கார்ந்ததும் தலையை உதறும், முன்னங்கால் இரண்டையும் தூக்கும், பக்கவாட்டில் நடந்து பூக்கடைக்குள் புகுந்துவிடும். நவராத்திரி முடிந்து அம்பு போடும் விழா வரப்போகிறது. அன்றைக்கு ஊரே பார்க்க ராஜா குதிரையில் போயாக வேண்டும்.

"முள் வைத்த கடிவாளம் போடுவோம், மகாராஜா. அதற்கும் அடங்காவிட்டால் வெட்டிப் போட்டுவிடலாம்" என்றார் படைத்தலைவர் மழவராயர்.

"ஐயோ, வாயில்லாப் பிராணி!" என்று திருமேனியார் வாய்விட்டுச் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மழவராயருக்கு மந்திரியைக் கண்டாலே ஆகாது. சும்மா விடுவாரா? "அப்படியானால் மந்திரியே திருத்தட்டும். முடியாவிட்டால் அதே குதிரைமேல் ஏறி நாட்டை விட்டுப் போகட்டும்!"

"சபாஷ், அப்படியே ஆகட்டும்!" என்றார் ராஜா. அன்று அவருக்குக் கசையடி மனநிலை.

திருமேனியார் யோசித்துப் பார்த்தார். நாட்டை விட்டுப் போவதுகூடப் பெரிதில்லை, எங்கேயாவது போய்ப் பிழைத்துக்கொள்ளலாம். குதிரைமேல் எப்படி ஏறுவது? அவர் இதுவரை ஏறிய உயரமான பொருள் ஊஞ்சல்தான்.

மறுநாள் லாயத்து ஆட்கள் நாலு பேர் சேர்ந்து அவரை நெல் மூட்டை ஏற்றுகிற மாதிரி சேணத்தில் ஏற்றினார்கள். குதிரை ஓர் அடி வைத்தது. அவ்வளவுதான்! கடிவாள வாரைக் கைவிட்டுவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, குதிரையின் கழுத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார். தெரிந்த சாமி பேரெல்லாம் தீர்ந்து, தெரியாத சாமிகளையும் கூப்பிட ஆரம்பித்தார். வெகுநேரம் கழித்து, இன்னும் உயிரோடுதான் இருக்கிறோமா என்று ஒரு கண்ணைத் திறந்தால், வெண்சுட்டி அவரைச் சுமந்துகொண்டு நிம்மதியாகப் புல் மேய்ந்துகொண்டிருந்தது.

உதறலும் இல்லை, தூக்கலும் இல்லை. கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தவருக்குக் குதிரையின் வாய் கிட்டத்தில் தெரிந்தது. இரண்டு ஓரமும் புண். அப்போதுதான் அவருக்கு விஷயம் பிடிபட்டது. பயத்தில் நாம் கழுத்தைக் கட்டிக்கொண்டோம். பயத்தில் ராஜா வாரைப் பிடித்து இழுக்கிறார். இதை ராஜாவிடம் யார் சொல்வது? சொன்னவன் தலை கழுத்தில் இருக்குமா?

நேராக அரண்மனைக்குப் போனார். "மகாராஜா, குதிரைக்குக் கண்ணேறு பட்டிருக்கிறது. விழா முடியும்வரை இரும்புக் கடிவாளம் கூடாது. முகக்கயிற்றில் அம்மன் சந்நிதிச் சாமந்திச் சரம்தான். தினமும் அதைப் பிடித்துக்கொண்டுதான் தாங்கள் சவாரி செய்ய வேண்டும்."

"சரம் அறுந்தால்?"

"அறுந்தால் பரிகாரம் பலிக்கவில்லை என்று அர்த்தம். நான் அதன்மேல் ஏறி நாட்டை விட்டுப் போக வேண்டியதுதான். சரத்தைப் பிடிக்கும்போதெல்லாம் மகாராஜா என் தொந்தியைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் அவருக்கு மந்திரிமேல் உள்ளூரப் பிரியம் உண்டு. வாழைநாரில் தொடுத்த சரத்தைக் குழந்தையின் விரலைப் பிடிப்பதுபோல் பிடித்தார். முதல் நாள் குதிரை நாலு முறை தலையை உதறிப் பார்த்தது. இழுக்க ஆளில்லை. போகப் போக உதறுவதை மறந்தே போயிற்று, புண்ணும் ஆறிற்று. விழா அன்று தாரை தப்பட்டை முழங்க வெண்சுட்டி மணப்பெண் மாதிரி நடந்தது. ராஜா அம்பைப் போட்டுவிட்டுத் திரும்பினார். ஊரே ஆர்ப்பரித்தது.

மழவராயருக்குப் பொறுக்கவில்லை. லாயத்து வாசலில் மீசையை முறுக்கிக்கொண்டு சொன்னார்: "முள் கடிவாளம் என்று நான் சபையில் சொன்னேனே, அதைக் கேட்டுப் பயந்துதான் குதிரை அடங்கியிருக்கிறது!"

"அப்படியா? நீர் ஏறும் பார்க்கலாம்" என்றார் ராஜா.

ஏறினார். வழக்கம்போல் ஓர் இழு இழுத்தார். சரம் பட்டென்று அறுந்தது, குதிரை திடுக்கிட்டு முன்னங்காலைத் தூக்கியது, கொள்ளு ஊறவைத்த தொட்டியில் போய் விழுந்தார் படைத்தலைவர். எழுந்தபோது மீசையெல்லாம் கொள்ளு. எல்லோரும் சிரித்தார்கள். ராஜா மட்டும் சிரிக்கவில்லை. அறுந்த சரத்தை எடுத்துத் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மந்திரி, கோளாறு குதிரையிடம் இல்லை. என் கையில்தான் இருந்தது, இல்லையா? ஏன் நேராகச் சொல்லவில்லை?"

திருமேனியார் கைகூப்பினார். "சொன்னால் தாங்கள் தலையை உதறுவீர்கள், மகாராஜா. முன்னங்காலைத் தூக்குவீர்கள். தங்களுக்கும் வாயோரம் கொஞ்சம் மென்மை."

"அப்படியென்றால் இத்தனை வருஷமாக என்னை எதைப் பிடித்து நடத்திவருகிறீர்?"

"பூச்சரத்தைத்தான், மகாராஜா. அது அறுந்தால் விழப்போகிறவன் நான். அதனால்தான் என்னையே கேலி செய்துகொண்டு மெதுவாகப் பிடித்திருக்கிறேன்."

ராஜா கண்ணில் நீர் வரச் சிரித்தார். தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரியின் கழுத்தில் போட்டார். "திருமேனியாரே, யாருக்கும் கிடைக்காத மரியாதை உமக்கு! வெண்சுட்டி இனி உம்முடையது. இப்போதே அதன்மேல் ஏறி, ஊரைச் சுற்றி வீட்டுக்குப் போம்!"

மந்திரியின் முகம் வெளிறிப் போயிற்று. சாஷ்டாங்கமாக விழுந்தார்.

"மகாராஜா, பேசாமல் என்னை நாடு கடத்திவிடுங்கள். நடந்தே போய்விடுகிறேன்!"