பவளத்திடம் இருந்த சொல்

பையைக் கட்டி வைத்துவிட்டுத்தான் ஏகாம்பரம் அம்மாவைப் பார்க்கப் போனார்.

மலையடிவாரத்தில் அந்தச் சின்னப் பள்ளியை நடத்திவந்தவரை எல்லோரும் அம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். ஏகாம்பரத்தைவிட வயதில் இளையவர். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் வித்தையைக் கற்க வேண்டும் என்று அவரைத் தேடி வந்து சீடராகச் சேர்ந்தவர் ஏகாம்பரம். தலை பாதி நரைத்தாகிவிட்டது. பள்ளிக்கூடம் போகாமல், அகராதியை மனப்பாடம் செய்தே படித்தவர். ஆனாலும் இங்கே பிள்ளைகளுக்கு அவர் அண்ணாதான்.

அம்மா கிணற்றடியில் வாளி கழுவிக்கொண்டிருந்தார்.

"நாலு மணி பஸ்ஸில் ஊருக்கு ஏறிவிடலாம் என்று இருக்கிறேன், அம்மா."

"என்ன ஆச்சு?"

"இது எனக்குக் கைவராது. தினமும் பலகை நிறையச் சொல் எழுதுகிறேன். பொருள் சொல்கிறேன். கூரை அதிர ஒப்பிக்கிறார்கள். மறுநாள் கேட்டால் பேந்தப் பேந்த விழிக்கிறார்கள். பவளம் என்று ஒரு பெண் இருக்கிறாள். சேர்ந்த நாளிலிருந்து தலையை ஆட்டுவதோடு சரி, வாயைத் திறந்ததே இல்லை. ஒரு சொல்லைப் பிள்ளைக்குள் எப்படித்தான் போடுவது?"

"நீங்கள் எப்படிப் பொருள் சொல்கிறீர்கள்?"

"கம்பீரம் என்றால் மிடுக்கு, பெருமிதம், வீறு, தோரணை..." மூச்சு விடாமல் அடுக்கினார்.

அம்மா வாளியைக் கவிழ்த்து வைத்தார்.

"பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறது. அதுவரை ஒரு விளையாட்டு. ஆளுக்கு ஒரு சொல் கொடுத்துவிடுங்கள். அது அந்தப் பிள்ளையின் சொத்து. மற்றவர்களுக்கு அந்தச் சொல் வேண்டுமென்றால், எதற்கு என்று சொல்லி அந்தப் பிள்ளையிடம் கடன் வாங்க வேண்டும். சாயங்கால மணி அடிப்பதற்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பெரியவர்களுக்கும் இதேதான்."

"கேட்காமல் சொல்லிவிட்டால்?"

"அதைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்."

ஏகாம்பரம் நல்ல சொற்களை நல்ல பிள்ளைகளுக்குக் கொடுத்தார். முன்வரிசைத் துரைசிங்கத்துக்குக் கம்பீரம். அவன் பக்கத்தில் இருந்த அல்லிக்கு ஆரவாரம். கடைசி வரிசைப் பவளத்திடம் போய்ச் சேர்ந்தபோது கைவசம் உருப்படியாக எதுவும் மிச்சமில்லை. கிளம்புகிற நேரத்தில் என்னத்தை யோசிப்பது?

"உனக்கு 'வா'" என்றார்.

பவளம் தலையை ஆட்டினாள்.

சமையல் சோலையப்பன் வாசலில் வந்து நின்று குரல் கொடுத்தார். "கஞ்சி ஆச்சு, எல்லாரும் வா..."

பிள்ளைகள் பாய்ந்து அவர் வாயைப் பொத்தினார்கள். "அது பவளத்தோடது!"

"அட, சாப்பிடக் கூப்பிடத்தானேடா வந்தேன்!"

"வந்தேனும் சொல்லக் கூடாது! ரெண்டு தப்பு!"

சோலையப்பன் கரண்டியும் கையுமாகக் கடைசி வரிசைக்குப் போனார். "தாயி, அந்த 'வா'வைக் கொஞ்சம் கொடேன்."

"எதுக்கு?"

பலகையில் எழுதிக்கொண்டிருந்த ஏகாம்பரம் திரும்பிப் பார்த்தார். கேட்டது பவளம்தான்.

"கஞ்சி ஆறிப்போகுதே தாயி."

பவளம் யோசித்தாள். பிறகு அவர் உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்டினாள். சொல் கை மாறியது.

அதற்கப்புறம் கடைசி வரிசையில் ஒரே கூட்டம். ஒருத்திக்குத் தோழியைக் கூப்பிட வேண்டும். ஒருவனுக்கு 'மழை வருது' என்பதை வேறு மாதிரிச் சொல்லத் தெரியவில்லை. ஒவ்வொருவரையும் பவளம் எதுக்கு, எதுக்கு என்று குடைந்தாள். துரைசிங்கம் மட்டும் கூடைக்காரன் மாதிரி வகுப்பைச் சுற்றிக் கூவிக்கொண்டிருந்தான். "கம்பீரம்! யாருக்காச்சும் கம்பீரம் வேணுமா?"

ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கஞ்சி குடித்த கொஞ்ச நேரத்தில் அவனே கால்களைப் பின்னிக்கொண்டு பவளத்தின் முன்னால் நின்றான்.

"குடு பவளம்! சீக்கிரம்!"

"எதுக்கு?"

"அதைச் சொல்றதுக்கே உன் சொல்லுதான் வேணும்!" சுண்டுவிரலைக் காட்டினான்.

"விரலெல்லாம் செல்லாது. வாயால சொல்லு."

"ஒண்ணுக்கு... ஐயோ, குடேன்!"

அவள் கையைத் தட்டியதுதான் தாமதம். "வருது!" என்று அலறிக்கொண்டே ஓடினான். வகுப்பு உருண்டு சிரித்தது. ஏகாம்பரம் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்படிச் சிரித்து எத்தனை காலமாயிற்று என்று அவருக்கே தெரியவில்லை.

துரைசிங்கம் கால்சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நிதானமாகத் திரும்பி வந்தான். வாசலில் சோலையப்பன் கையை நீட்டினார்.

"தம்பி, அந்தக் கம்பீரத்தைக் கொஞ்சம் குடு."

"எதுக்கு?"

"இப்ப நீ நடந்த நடைக்கு."

வகுப்பு மறுபடியும் உருண்டது. அந்தச் சொல்லின் பொருளை யாரும் யாரிடமும் கேட்கவில்லை.

அப்போதுதான் மலை வளைவில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

ஏகாம்பரம் பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்ற அம்மாவிடம் போனார். பிள்ளைகள் சுற்றிக்கொண்டார்கள்.

"அம்மா, நான் போய்ட்டு..."

நின்றுவிட்டார். அவர் வாயைப் பொத்தப் பத்துக் கைகள் தயாராக இருந்தன.

பவளத்தின் முன்னால் குனிந்து கையை நீட்டினார்.

"எதுக்கு அண்ணா?"

"ஊருக்குக் கிளம்புறேன். அம்மாகிட்ட சொல்லிக்கணும்."

"மணி அடிக்கிறதுக்குள்ள திருப்பிக் குடுப்பீங்களா?"

"அப்ப நான் பஸ்ஸுல இருப்பேனே, பவளம்."

"அப்படின்னா 'போறேன்'னு சொல்லிட்டுப் போங்க. அந்தச் சொல் யாருகிட்டயும் இல்ல. யாரையும் கேக்க வேணாம்."

ஏகாம்பரம் வாயைத் திறந்தார். சாவு வீட்டில்கூட ஒன்றும் சொல்லாமல் எழுந்து போவார்களே தவிர, வெறுமனே போகிறேன் என்று யார் சொல்கிறார்கள்? இத்தனை முகங்களைப் பார்த்துக்கொண்டு அதை எப்படிச் சொல்வது?

"அம்மா, விதியைக் கொஞ்சம் தளர்த்தக் கூடாதா?"

"சொல் என்னுடையது இல்லையே."

ஹாரன் இன்னொரு தடவை ஒலித்தது. பிறகு பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டது.

பிள்ளைகள் ஏகாம்பரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அம்மா பவளத்திடம் கையை நீட்டினார்.

"எதுக்கும்மா?"

"அண்ணாவை ஒரு கேள்வி கேட்கணும்."

பவளம் ஒரு தட்டுத் தட்டினாள்.

"ஏகாம்பரம், 'வா' என்றால் என்ன பொருள்?"

ஏகாம்பரம் பையைக் கீழே வைத்தார்.