தாராளக் கை

கிணத்துக்கடவுக்கு வெளியே, செம்மண் பந்தயப் பாதை ஒன்றை ஒட்டி தாட்சாயணியின் பட்டறை இருக்கிறது. மேடு பள்ளத்தில் தாவி ஓடுகிற மின்சார பைக்குகளை மட்டும்தான் அங்கே பழுது பார்ப்பார்கள். குரு தாட்சாயணிக்கு வயது முப்பத்தொன்று. சீடர் சென்னியப்பனுக்கு ஐம்பத்தாறு. முப்பது வருடம் பெட்ரோல் வண்டிகளோடு மல்லுக்கட்டியவர், இனி காலம் இதுதான் என்று தாமாகவே வந்து சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது.

அந்தச் சனிக்கிழமை காலையில் அவர் முகமே சரியில்லை.

மறுநாள், அந்தப் பாதையில் பைக் ஓட்டிப் பழகும் ரிஸ்வானாவுக்கு முதல் பந்தயம். அவளுடைய வண்டியின் கியர்பாக்ஸையும் மோட்டாரையும் பிரித்துப் பூட்டியது சென்னியப்பன். யார் துணையும் இல்லாமல் அவர் செய்த முதல் வேலை. வண்டியோ மூன்றாவது சுற்றிலேயே மோட்டார் கொதித்து, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைத்துவிடுகிறது. நடந்து போகிறவர்கூட முந்திவிடலாம்.

மனுஷன் மோட்டாரை மூன்று முறை திறந்து பார்த்துவிட்டார். குறை என்று ஒரு தூசி கூட சிக்கவில்லை.

“அம்மிணி, இந்த வண்டி ஓடலைன்னா நான் ஸ்பேனரைக் கீழ வெச்சுட்டு வீட்டுக்குப் போயிடறனுங்க. சும்மா சொல்லலீங்க.”

“மோட்டாருக்கு என்னங்ணா?”

“அதைத்தானுங்க உங்களைக் கேக்கறேன். ஏன் இப்படிக் கொதிக்குது?”

“எனக்கும் தெரியலீங்ணா” என்று சிரித்தார் குரு. சீடருக்கு எரிச்சலாக வந்தது.

தாட்சாயணி திரும்பி, “ரிஸ்வானா, ரெண்டே ரெண்டு சுத்து போயிட்டு வா கண்ணு” என்றார்.

அவள் போய்விட்டு வந்தாள்.

“கை வெச்சுப் பாருங்ணா.”

சென்னியப்பனின் கை நேராக மோட்டாருக்குப் போனது. “வெதுவெதுன்னுதான் இருக்குதுங்க.”

“பக்கத்துல?”

பக்கத்தில் இருந்தது கியர்பாக்ஸ். இத்தனை நாளில் அதைத் தொட்டுப் பார்க்க அவருக்குத் தோன்றவே இல்லை. தொட்டார். வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

“அய்யோ சாமி, சுடுதுங்க!”

“ஆயிலை வடிங்க.”

கோடு போட்ட அளவுக் குவளையை அடியில் வைத்து போல்ட்டைக் கழற்றினார். ஆயில் நுரைத்துக்கொண்டு இறங்கியது. இருநூற்றைம்பது மில்லிக் கோட்டைத் தாண்டியது. முந்நூறைத் தாண்டியது. நானூறில் வந்துதான் நின்றது.

“அங்கிள், மூடி மேலயே இருநூத்தம்பதுன்னு எழுதியிருக்குதே!” என்றாள் ரிஸ்வானா.

“படிச்சேன் கண்ணு. அந்த அளவுதான் ஊத்துனேன். அப்புறம்... அதோட நிறுத்த மனசு வரல.”

அவருடைய பழைய கடையில் அந்தத் தாராளக் கைக்குத் தனி மவுசே இருந்தது. பெட்ரோல் வண்டிகள் ஆயிலை எரிக்கும், ஒழுகவிடும். வண்டிக்காரர்களோ சர்வீஸுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஆறு மாதம் கழித்து எட்டிப் பார்ப்பார்கள். வழியில் வண்டி வாடிவிடக் கூடாதே என்று இவர் கொஞ்சம் கூடவே ஊற்றி அனுப்புவார். பொள்ளாச்சியிலிருந்து அதற்காகவே வந்தவர்கள் உண்டு. இந்த வண்டியில் ஊற்றியது எங்கேயும் போகவில்லை. பல் சக்கரங்கள் அவ்வளவு ஆயிலையும் கலக்கிக்கொண்டு சேற்றில் நடப்பது போலச் சுற்றின. அந்தப் பாரம் முழுவதையும் சுமந்தது மோட்டார்.

சென்னியப்பன் புது ஆயிலை அளந்தார். குழந்தைக்கு மருந்து அளப்பதுபோல் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கோட்டோடு நிறுத்தினார். புட்டியை மூடும்போது கை ஒரு நொடி தயங்கியது. மூடிவிட்டார்.

சூடு ஆறியதும் ரிஸ்வானா கிளம்பினாள். மூன்றாவது சுற்று போனது. ஐந்து, எட்டு, பத்து. அவள் மேட்டிலிருந்து தாவும் ஒவ்வொரு முறையும் இங்கே சென்னியப்பன் விசிலடித்தார். ஐம்பத்தாறு வயசு ஆள் என்று யாரும் சொல்ல முடியாது. அவ்வளவு சந்தோஷம்.

பன்னிரண்டாவது சுற்றில் விசில் நின்றது. ஏதோ உறுத்தியது.

“அம்மிணி... அப்ப முப்பது வருசமா நான் ஊத்துனதெல்லாம் தப்புங்களா?”

தாட்சாயணி கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

“அந்த வண்டிங்க கேட்டுச்சுங்ணா, ஊத்துனீங்க. இந்த வண்டி எதுவுமே கேக்கலீங்களே.”