ஒச்சப்பனுக்கு ஒண்ணுமே இல்லையாம்

ஒச்சப்பனுக்கா? இப்ப நல்லாயிருக்காரு. சுகர் மட்டும்தான். போன மாசம்தான் பயந்துட்டோம், ஒண்ணுமே இல்லேன்னு சொல்லிட்டாங்க.

எங்க ஊருக்கு மாசம் ஒருக்கா நர்சம்மா மாத்திரையோட வரும். மொத ஆளா மாயன் போய் உக்காருவாரு. எழுபது வயசு, சுகர் முந்நூறு.

"உடம்பு எப்படி இருக்குங்கய்யா?"

"கல்லு மாதிரி இருக்கேன் தாயி. சுகர் அது பாட்டுக்கு இருக்கு, நான் பாட்டுக்கு இருக்கேன்."

அடுத்து சோலை. பிரஷர். எந்திரிச்சா தலை சுத்தும். "அதான் எந்திரிக்கிறதே இல்லையே. எனக்கென்ன கொறச்சல்?"

கடைசியா இவங்க கூட்டாளி ஒச்சப்பன். நர்சம்மா எல்லாத்தையும் பாத்துட்டு, "உங்களுக்கு மாத்திரையே வேணாம்யா. வீட்டுக்குப் போங்க. பிடிச்சதைச் சாப்பிட்டு சந்தோஷமா இருங்க"ன்னுச்சு.

மூணு பேருக்கும் மூஞ்சி செத்துப்போச்சு. மாயனோட அண்ணனைப் பெரியாஸ்பத்திரியில இதே வார்த்தையைச் சொல்லித்தான் அனுப்புனாங்க. அந்த வாரமே தூக்கியாச்சு.

ஒச்சப்பன் நல்ல வேட்டியா எடுத்துக் கட்டிக்கிட்டுப் படுத்துட்டாரு. திருப்பூர்ல இருந்து மக அழுதுக்கிட்டே வந்து எறங்குச்சு.

"எப்படியாச்சும் இவனுக்கு மாத்திரை வாங்கணும்"னாரு சோலை.

"அதுக்கு ஒரு வியாதி வேணுமே?"

"பிரஷர் குடுப்போமா?"

"அது கோவக்காரனுக்குத்தான் நிக்கும். இவனை அடிச்சாலும் சிரிப்பான். சுகர்னா நான் பக்கத்துல இருந்து பாத்துக்குவேன். பதினெட்டு வருச சர்வீஸ்."

மக அதிரசம் சுட்டுச்சு. மாயன் ஊட்டுனாரு.

"தொண்டை வரைக்கும் வந்துருச்சு மாயா."

"உசுரா?"

"அதிரசம்."

"அப்ப முழுங்கு."

அடுத்த மாசம் கட்டிலோட தூக்கிட்டுப் போனாங்க. நர்சம்மா விரல்ல குத்திப் பாத்துட்டுப் பதறிப்போச்சு. "என்னய்யா இது! சுகர் இப்படி ஏறிக் கெடக்கு! இனிமே தெனமும் மாத்திரை போடணும்."

மாத்திரை அட்டை கைக்கு வந்ததும் ஒச்சப்பன் குதிச்சு எறங்குனாரு. "பொழச்சுட்டேன்டா!" மக அங்கேயே கருப்பசாமிக்குக் கெடா நேந்துக்கிச்சு. சந்தோஷத்துல சோலையும் எந்திரிச்சாரு. விழுந்தாரு.

மாயன் சும்மா இருக்காம, "நீ என்ன மாத்திரை தாயி போடுற?"ன்னு கேட்டாரு.

"எனக்கென்னங்கய்யா, ஒண்ணும் கிடையாது."

மூணு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. "முப்பது வயசுகூட ஆகலையே"ன்னு சோலை துண்டால வாயைப் பொத்துனாரு.

இந்தா வர்றேன்யா! சோலைதான் கூப்பிடுறாரு, வேன் கிளம்புதாம். ஊரே நர்சம்மா வீட்டுக்குப் போகுது, தூக்கு தூக்கா அதிரசத்தோட. நானும் போய் முகத்தையாச்சும் பாத்துட்டு வந்துர்றேன்.