பத்து ராணிக்கும் ஒரே காயம்

இறந்த மனைவியின் காசுமாலையில் இருந்ததுபோல் ஒரு விக்டோரியா வெள்ளி ரூபாயை இஸ்திரிக்காரர் மாசிலாமணி ஏழு வருடமாகத் தேடிக்கொண்டிருந்தார். கைபேசியில் நடந்த நேரலை ஏலத்தில் ஒன்று வந்தது.

"அசல்தானுங்களா?" என்று கேட்டார்.

"இஸ்திரி போடறவன் என்னைச் சோதிக்கிறியா? முடிஞ்சா போலின்னு நிரூபி!" என்றார் வியாபாரி, திரையில் அவர் பின்னால் தெரிந்த இஸ்திரிப் பெட்டியைப் பார்த்து.

"எனக்கென்னங்க தெரியும்? பிடிச்சிருக்குதுங்க. இன்னும் இருந்தா மொத்தமா எடுத்துக்கறேன்."

ஆசையில் வியாபாரி அதேபோல் பத்து வெள்ளி நாணயங்களைப் பரப்பிக் காட்டினார். பத்திலும் ராணியின் காதுக்குக் கீழே ஒரே கீறல்.

"பத்து ராணிக்கும் ஒரே இடத்துலயா காயம் பட்டுச்சு? ஒரே அச்சுல வார்த்ததுங்களா?"

ஏலத்துக்கு வந்தவர்கள் சிரித்தார்கள். வியாபாரியின் திரை அணைந்தது.

"தப்பிச்சீங்கண்ணா," என்றாள் பக்கத்துத் தையல்கடைத் தாமரைச்செல்வி.

"தப்பிச்சேன் அம்மிணி. ஆனா, ஒண்ணாவது நெசமா இருந்திருக்கக் கூடாதா?"