எட்டு ஆகாத அண்ணாச்சி

கோவில்பட்டியில் இன்டர்நெட் கம்பெனி நடத்திய தவசிலிங்கம் அண்ணாச்சிக்கு எட்டு என்ற எண்ணே ஆகாது. பாஸ்வேர்டைச் சரிபார்த்ததும் சர்வர் ஆளுக்கொரு எண் கொடுத்தால்தான் நெட் வரும். ஒன்று முதல் இருநூற்று ஐம்பத்து நான்கு வரையிலான அந்த எண்களின் பட்டியலில் எட்டு கலந்த நாற்பத்து மூன்று எண்களையும் நீக்கச் சொல்லிவிட்டார் மனுஷன்.

அன்று காலை முப்பது பேர் வாசலில் சண்டைக்கு நின்றார்கள். பாஸ்வேர்ட் சரி, நெட் இல்லை.

"எண்ணு தீர்ந்துபோச்சு அண்ணாச்சி. எட்டையெல்லாம் திறந்துவிட்டா சரியாயிரும்" என்றாள் டெக்னீஷியன் மரியபுஷ்பம்.

"எட்டைத் தொட்டா உனக்கு வேலை கிடையாது. ஆனா மத்தியானத்துக்குள்ள எல்லாருக்கும் நெட் வரணும்!"

"சரி அண்ணாச்சி. நம்ம ஆபீஸ் ரூட்டரை ஒருதரம் அணைச்சுப் போடுங்க."

அணைத்தார். வாசலில் ஒருவர், "எனக்கு வந்துருச்சு!" என்று குதித்தார். அண்ணாச்சி மறுபடி போட்டார். சிவப்பு விளக்குதான் எரிந்தது.

"நமக்கு வரலியேம்மா! பதினோரு மணிக்குச் சிங்கப்பூர் சம்பந்தி வீடியோவுல வருவாரே!"

"உங்க எண்ணு அவருக்குப் போயிருச்சு அண்ணாச்சி. மிச்சம் இருக்கிறது எட்டுங்கதான். எண்பத்தெட்டு தரட்டுமா, இல்ல நீங்களும் வாசல்ல நிக்கிறீங்களா?"

முப்பது பேரும் அவரையே பார்த்தார்கள். கடிகாரம் பத்து ஐம்பத்தெட்டு காட்டியது.

அண்ணாச்சி குரலைத் தாழ்த்தினார். "எண்பத்தெட்டை எனக்குக் குடு. மத்த எட்டையெல்லாம் அவங்களுக்குத் திறந்துவிடு."